வில்லோஃபோர்டின் இரண்டாவது கணப்பு

"சொல்லிட்டியா இல்லியா?" என்று டார்லீன் கேட்டபோது வென்டெல் கிராவுஸ் கணப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம். வெளியே வெயில் நூற்றிரண்டு டிகிரி. கணப்பு கணினிக்குள் இருந்தது.

"சொல்லணும்" என்றார் வென்டெல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதையேதான் போன செவ்வாய்க்கிழமையும் சொன்னே. வண்டி வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பும். நீ ஏறலேன்னா உன் சீட்டுல நெல்டா ஏறுவா. தொப்பிகூட வாங்கி வெச்சுட்டா."

நெல்டா டார்லீனின் தங்கை. அவள் வாங்கிய தொப்பியை வென்டெலும் பார்த்திருந்தார். அதன் ஓரம் அகலம். சும்மா வேடிக்கைக்கு வாங்கிய தொப்பி மாதிரி தெரியவில்லை.

டார்லீன் கோபப்படுவதில் நியாயம் உண்டு. டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊர்ப் பள்ளிக்கூட பஸ் டிப்போவில் எந்த பஸ் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் முடிவு செய்தவர் வென்டெல். ஊரே கோடை விடுமுறைக்குக் கிளம்பும்போதுதான் டிப்போவில் பஸ்களைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பார்கள். அதனால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கோடையில்கூட எங்கேயும் போனதில்லை. மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். மறுநாளே டார்லீன் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பத்து வாரப் பயணம். பாலோ டூரோ பள்ளத்தாக்கு, கொலராடோ, வயோமிங். ஜன்னல் திரைகளை அவளே தைத்தாள். போகிற இடங்களில் பாதிக்கு மேல் போன் சிக்னல் கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

வென்டெலுக்கும் போக ஆசைதான். உண்மையைச் சொன்னால், அந்தக் கணினியை மூடிவிட்டுப் போவதைப்போல வேறு எதற்கும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

விஷயம் தாடியஸ் பெல்லில் ஆரம்பித்தது. வென்டெலுக்குப் பதினைந்து வயதானபோது பெல் எழுதிய கணினி விளையாட்டுகளுக்கு ஈடு கிடையாது. அதில் ஒன்றை ஆடிக்கொண்டிருந்ததில் வென்டெல் தன் சொந்த அண்ணன் கல்யாணத்துக்கே தாமதமாகப் போனார். அந்தப் பெல், நரைத்த தாடியும் தலையில் கிரீடமுமாக, ஏழு வருஷம் முன்பு இணையத்தில் தோன்றி, "கடைசியாக ஓர் உலகம் கட்டப்போகிறேன், நண்பர்களே. நீங்கள் முன்பணம் போட்டால் நான் கட்டுவேன்" என்றார். மீன் பிடிக்கப் படகு வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே போட்டு, வென்டெல் அந்த உலகத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரானார். உலகத்தின் பெயர் தோர்ன்மியர்.

இரண்டு வருஷம் காக்க வைத்துவிட்டு தோர்ன்மியர் வந்தது. கடல் பயணம் உண்டு என்றார்கள். கடல் என்பது சுவரில் வரைந்த படமாக இருந்தது. கிராமத்து ஜனங்கள் உங்களை நினைவில் வைத்திருப்பார்கள் என்றார்கள். ரொட்டிக்காரர் ஒவ்வொரு நாளும், "வருக வீரரே! தங்களை இதற்குமுன் கண்டதில்லையே!" என்று சொல்லிவிட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நடந்தார். ஐந்து வருஷமாக முட்டிக்கொண்டிருக்கிறார்.

வென்டெலுக்குக் கோபம்கூட வரவில்லை. வருத்தம்தான். பள்ளிக்கூட நாளில் உயிருக்குயிராக இருந்த ஒருவன் நாற்பது வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் இன்சூரன்ஸ் பற்றிப் பேசிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மற்றவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். வென்டெல் போக முடியாமல் மாட்டிக்கொண்டது கணப்பால். ஸ்தாபகர் ஒவ்வொருவரும் ஏழு நாளுக்கு ஒருமுறையாவது உள்ளே வந்து தன் வீட்டுக் கணப்பில் விறகு போட வேண்டும். போடாவிட்டால் அது அணைந்துவிடும். ஒரு கிராமத்தில் குறைந்தது இரண்டு கணப்புகள் எரிய வேண்டும். ஒன்றுதான் எரிகிறது என்றால் அந்தக் கிராமமே அழிந்துபோகும். பெல் வைத்த விதி இது. அண்டை வீட்டாரை ஒருவரோடொருவர் சேர்த்து வைக்குமாம்.

வில்லோஃபோர்டு கிராமத்தில் நாற்பது வீடு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு எரிந்தது இரண்டே கணப்பு. ஒன்று வென்டெலுடையது, இன்னொன்று ஒஹையோவில் இருந்த ஒரு பல் டாக்டருடையது. டாக்டரும் கிளம்பிவிட்டார். கிராமம் அழிந்தது, நமக்கும் விடுதலை என்று வென்டெல் நினைத்த அதே வாரத்தில், கடவுளே அனுப்பியது போல, எதிர்வீட்டில் குடிவந்தாள் பிரிம்ரோஸ் அம்மாள்.

நெப்ராஸ்காவில் இருக்கிறாளாம். வயது எழுபத்தெட்டு. கணவர் ஆர்வில் காலமாகிவிட்டார். அவர் பெயரில் ஒரு நினைவுக்கல்லை விளையாட்டுக்குள் தன் தோட்டத்தில் நட்டிருந்தாள். காலையில் வந்து கல்லுக்குப் பூ வைப்பாள், வென்டெலை "கண்ணு" என்பாள், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் போய்விடுவாள். வயதானவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்பது நல்லதுதான் என்று வென்டெல் நினைத்துக்கொண்டார்.

வென்டெல் ஒரு வாரம் விறகு போடாவிட்டால் பிரிம்ரோஸ் அம்மாளின் வீடும் போகும், ஆர்வில் கல்லும் போகும். பத்து வாரம் எங்கே போவது?

டார்லீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார் வென்டெல்.

சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் டெக்சாஸ் பக்கத்தில் ஒருவர் "கிளம்பறேன்" என்று சொன்னதும் "சரி" என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். அது மரியாதை இல்லை. சோபாவில் ஒரு தடவை, வாசற்படியில் ஒரு தடவை, கார் ஜன்னலில் ஒரு தடவை, ஆக மூன்று முறை "என்ன அவசரம், இருங்களேன்" என்று தடுக்க வேண்டும். தடுக்கிறவருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இருந்தாலும் தடுப்பார். போகிறவரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உட்கார வேண்டும். நெல்டா வீட்டிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை கிளம்ப அவர்களுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது.

வென்டெல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டச்சு செய்தார். "அம்மா, நான் கிளம்பலாம்னு இருக்கேன்."

"இப்பத்தானே வந்தே கண்ணு! என்ன அவசரம்?"

"இல்லம்மா, கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன்..."

பதில் வரக் கொஞ்ச நேரமானது. யாரிடமோ யோசனை கேட்டு எழுதுவது போல ஒரு நேரம்.

"உன் வீட்டு வெளிச்சம்தான் கண்ணு எனக்கு ஜன்னல் வழியாத் தெரியற ஒரே வெளிச்சம். ஆனா நீ போகணும்னா போயிட்டு வா. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று சொன்ன பிறகு எப்படிக் கவலைப்படாமல் இருப்பது? அரை மணி நேரம் கழித்து டார்லீன் எட்டிப் பார்த்தபோது, வென்டெல் ஆர்வில் கல்லைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்தார். வேலி முடிய இரண்டு வாரமாகும் என்றும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன்."

டார்லீன் போனை எடுத்து நெல்டாவைக் கூப்பிட்டு, வயோமிங்கில் குளிரும், ஸ்வெட்டரும் எடுத்துக்கொள் என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் வென்டெல் வேறு வழி பார்த்தார். விளையாட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். எதையோ மென்றுகொண்டே ஒரு கனத்த குரல் பேசியது.

"தோர்ன்மியர் சேவை மையம், ரிகோ பேசறேன்."

"வென்டெல் கிராவுஸ் பேசறேன். வில்லோஃபோர்டு."

மெல்வது நின்றது. "வென்டெல் சாரா? சொல்லுங்க சார்! நல்லா இருக்கீங்களா சார்?"

இவ்வளவு மரியாதையை வென்டெல் எதிர்பார்க்கவில்லை. "கணப்புக்குப் பத்து வாரத்துக்கு மொத்தமா விறகு போட வழி இருக்கா தம்பி? நான் கொஞ்சம் கிளம்பறேன்."

"கிளம்பறீங்களா? எங்க சார், அதுக்குள்ள? ஒரு நிமிஷம் இருங்க, பாஸ் கிட்ட கேட்டுட்டு வர்றேன்."

கையால் போனை மூடிக்கொண்டு யாரோ யாரோடோ படபடவென்று பேசிக்கொள்வது கேட்டது. பிறகு ரிகோ மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"சார், மொத்தமா போட வழி இல்ல. ஆனா உங்களுக்குன்னே ஒரு பரிசு குடுக்கச் சொல்லிட்டாரு. பெருங்கணப்பு! இந்த உலகத்துலேயே உங்க ஒருத்தருக்குத்தான். இப்பவே மாட்டிட்டேன் பாருங்க."

வென்டெல் பார்த்தார். யானை நுழையும் அளவுக்கு ஒரு கணப்பு திரையில் அவர் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு எரிந்தது.

"அழகா இருக்கு" என்றார். வேறு என்ன சொல்வது? "இதுக்கும் வாரம் ஒரு தடவைதானே விறகு?"

"இல்ல சார், இது பெருசு இல்லையா? தினம் ஒரு தடவை."

அன்று சாயங்காலம் டார்லீன் நெல்டாவுக்காக வேனில் ஒரு தலையணையை மாற்றி வைத்தாள். நெல்டாவுக்குக் கழுத்து வலி உண்டு.

மூன்றாவது வழி அவமானமானது. வெளியேற முடியாவிட்டால் வெளியேற்ற வைக்க வேண்டும். தாடியஸ் பெல்லைத் திட்டி ஒரு கடிதம் எழுதினால் அவரே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார். கிராமம் அழிந்த பழியும் அவர் மேல் போகும். வென்டெல் வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினார். அவர் வாழ்க்கையில் யாரையும் திட்டி எழுதியதில்லை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தது.

'ஐயா, உங்கள் கடல் ஒரு படம். உங்கள் ரொட்டிக்காரர் சுவரில் முட்டுகிறார். என்னைப் பார்த்ததே இல்லை என்கிறார். நான் அவரைத் தினமும் பார்க்கிறேன்.'

அதற்கு மேல் எழுத எழுத கை வேறு பக்கம் போனது. பதினைந்து வயதில் அண்ணன் கல்யாணத்துக்குத் தாமதமானதை எழுதினார். பஸ் டிப்போவில் வழித்தடப் படம் போடும்போது பெல்லின் பழைய விளையாட்டு வரைபடங்கள் நினைவுக்கு வரும் என்று எழுதினார். 'இவ்வளவு நல்லவர் இப்படிச் செய்துவிட்டீர்களே' என்று எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு பக்கம். கடைசியில் பழக்க தோஷத்தில், 'மிக்க அன்புடனும் மரியாதையுடனும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டார்.

அரை மணியில் பதில் வந்தது.

'அருமை வென்டெல்! ஏழு வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அழுதுகொண்டே திட்டியவர் நீங்கள் ஒருவர்தான். நேசிக்கிறவர்தான் இப்படி எழுத முடியும். இன்றுமுதல் நீங்கள் தோர்ன்மியரின் காவலர்! நாளை காலை பத்து மணிக்கு வில்லோஃபோர்டு சதுக்கத்தில் பட்டமளிப்பு. நானே கிரீடத்தோடு வருகிறேன். காவலர் என்பவர் ஒருநாளும் உலகத்தை விட்டு நீங்குவதில்லை.'

டார்லீன் அதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"முப்பத்தொரு வருஷம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "முன்னாடி ஊருல இருக்கிற பிள்ளைங்களுக்காக. இப்ப இல்லாத ஊருக்காக. எனக்காக எப்ப வென்டெல்?"

வென்டெல் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "ஆஸ்டின் வழியாத்தானே போறோம்? அவங்க ஆபீஸ் அங்கதான் இருக்கு. நேர்ல போய் சொல்லிட்டு வந்துடறேன். பதினஞ்சு நிமிஷம்."

"நெல்டாவும் வருவா" என்றாள் டார்லீன். "பதினஞ்சு நிமிஷத்துல நீ வெளியில வந்தா அவ மகன் வந்து அவளைக் கூட்டிட்டுப் போவான். ஆஸ்டின்லதான் இருக்கான். வரலேன்னா அவன் உன்னைக் கூட்டிட்டுப் போவான்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேன் அந்தக் கட்டடத்தின் முன் நின்றது. ஒரு பக்கம் நாய்க்கு முடிவெட்டும் கடை, மறுபக்கம் மெத்தைக் கடை, நடுவே கதவில் சின்னதாக ஒரு கிரீடம் வரைந்த ஆபீஸ். நெல்டா பின் சீட்டில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா பேசிட்டு வாங்க மச்சான்" என்றாள் அவள். "ஒண்ணும் அவசரமில்ல."

உள்ளே தாடியஸ் பெல் கேமரா முன் நின்றிருந்தார். தலையில் கிரீடம், தோளில் சிவப்புப் போர்வை. கேமராவுக்குத் தெரியாத கீழ்ப்பாதியில் அரை டிராயரும் ரப்பர் செருப்பும். வென்டெல் தன் பெயரைச் சொன்னதும் அப்படியே ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"காவலரே! நேர்லயே வந்துட்டீங்களா!"

வென்டெல் பதினைந்து வயதுப் பையனாகிவிட்டார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மேஜைகள் இருந்தன. எல்லாம் காலி. ஒன்றின் மேல் மீன்தூண்டில் விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று கிடந்தது.

"நான்... கிளம்பறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"வந்த கால்லயா? உட்காருங்க! காபி போடறேன்."

வென்டெல் உட்கார்ந்தார். காபி வந்தது. வாய் வெந்தது. வெளியே ஹார்ன் ஒரு முறை அடித்தது.

"ஐயா, நான் சொன்னது இந்த ஆபீஸ்லேர்ந்து இல்ல. தோர்ன்மியர்லேர்ந்தே கிளம்பறேன்."

பெல்லின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று மலர்ந்து, உடனே மரியாதைக்காக அடங்கியது. "அப்படிச் சொன்னா எப்படி? இருங்களேன். அடுத்த வருஷம் கடலைத் திறந்துடுவோம்."

"சந்தோஷம்" என்று வென்டெல் எழுந்தார். பெல்லும் எழுந்து கதவு வரை கூடவே வந்தார். கதவில் கை வைத்துக்கொண்டார். வாசற்படியிலும் ஒரு தடவை தடுத்தாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

"அதுக்கு அடுத்த வருஷம் ரொட்டிக்காரரைக்கூட..."

ஹார்ன் இரண்டு முறை அடித்தது. கண்ணாடிக் கதவு வழியாக வென்டெல் பார்த்தார். நெல்டா பின் சீட்டிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். டார்லீன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டெக்சாஸில் பிறந்த ஒரு மனிதன் இன்னொருவர் வாசலில் நின்று சொல்லவே கூடாததை வென்டெல் சொன்னார்.

"எனக்கு உங்க ஆட்டம் பிடிக்கலை."

பெல்லின் கை கதவிலிருந்து விழுந்தது.

"முதல் நாள்லேர்ந்தே பிடிக்கலை. அஞ்சு வருஷமா பிடிக்கலை. பெருங்கணப்பும் பிடிக்கலை. மன்னிச்சுக்குங்க." சொல்லி முடித்ததும் நெஞ்சின் மேல் நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸை யாரோ ஓட்டிக்கொண்டு போனது போல இருந்தது.

பெல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கிரீடம் இருந்த இடத்தில் நெற்றியைச் சுற்றிச் சிவந்து வரிவரியாக இருந்தது. அழப்போகிறார் என்று வென்டெல் பயந்தார். ஆனால் அவர் மூச்சை நீளமாக விட்டுச் சிரித்தார்.

"இதை நாலு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மனுஷா! எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது. நான் மீன் பிடிக்கப் போயிருப்பேனே!"

"நீங்கதான் ஒவ்வொரு தடவையும் இருங்க இருங்கன்னீங்க!"

"போறேன்னு ஒருத்தர் சொன்னா வேற என்னய்யா சொல்றது? சரி போங்கன்னா சொல்ல முடியும்?" பெல் தாடியைத் துடைத்துக்கொண்டார். "கடைசி ஸ்தாபகர் இருக்கிற வரைக்கும் மூட மாட்டேன்னு கிரீடத்து மேல சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேன். நாலு வருஷமா அந்தக் கடைசி ஆள் நீங்கதான். உங்க கிராமத்துல ரெண்டாவது கணப்பை அணைய விட்டா சத்தியம் என்னாகறது?"

வென்டெலுக்குப் புரியவில்லை. "நானா? அப்போ பிரிம்ரோஸ் அம்மா?"

பெல்லின் காதுகள் சிவந்தன. அவர் வென்டெலின் கண்ணைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ரிகோ! இங்க வா. வென்டெல் சார் கிளம்பறாராம். நிஜமாவே."

உள் அறைக் கதவு திறந்தது. ஆறடி மூன்று அங்குல உயரம், மார்பு வரை தாடி, இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை குத்திய ஓர் ஆள், பாதி கடித்த டாகோ ரொட்டியோடு வந்து நின்று, வென்டெலை மேலும் கீழும் பார்த்தான். பிறகு நம்ப முடியாமல் பெல்லிடம் கேட்டான்:

"அப்போ நாளையிலேர்ந்து நான் விதவையா இருக்க வேண்டாமா, பாஸ்?"